ஹலோவீன் விழாவின் கெல்திய மூலமும் ஊவாத் தோட்டத்துக் காமன் கூத்தும்

ஒக்டோபர் மாதத்தின் இறுதி நாளாகிய 31ஆந் தேதி இரவிலே மேலைநாட்டுச் சிறுவர் பேய்வேடம் புனைந்து வீடுதோறுஞ் சென்று தின்பண்டம் இரந்து பெறுவர். பூசணிக்காயைக் குடைந்து, கண்ணும் வாயும் வெட்டி, உள்ளே விளக்கேற்றி வாயிலில் வைப்பர். ஹலோவீன் என வழங்கும் இவ்விழா சில ஆண்டுகளாகக் கொழும்பு மாநகரத்துப் பாடசாலைகள் சிலவற்றிலும் விருந்து விடுதிகளிலும் இடம்பெற்று வருகின்றது. கைத்தொலைபேசி புகாத லயம் இல்லையாதலின் பதுளை மாவட்டத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கும் இஃது அறியாத ஒன்றன்று. ஆங்கில பாடம் கற்பிக்கும் ஆசிரியர் இதனை வகுப்பிலே கொண்டாடலாமா என்னும் வினா ஆங்காங்கே எழுகின்றது. அந்நியர் பேய்க்கூத்து நமக்கு எதற்கு என ஒதுக்குவோர் ஒரு சாரார். உலகமெங்கும் நடப்பதுதானே எனக் கடையிலே முகமூடி வாங்கிக் கொடுத்துவிடுவோர் மற்றொரு சாரார். இவ்விழா எங்கே பிறந்தது, யாருடைய தோளில் ஏறி எங்கெங்கு சென்றது என்பதை இருவருமே வினவுவதில்லை. வினவின், விடைதேடிச் செல்லும் வழி வியக்கத்தக்க வகையிலே நம் ஊவா மலைகளுக்கே வந்து சேர்வதைக் காணலாம்.

கெல்தியர் என்போர் ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பெரும்பகுதியிற் பரவி வாழ்ந்து, பின்னர் அயர்லாந்து, ஸ்கொத்லாந்து, வேல்ஸ், பிரித்தானி ஆகிய மேற்கோரங்களில் ஒதுங்கிய மொழிக்குலத்தார். அயர்லாந்து மக்கள் ஆண்டை நான்கு பெருநாட்களாற் பகுத்தனர். அவற்றுள் குளிர்காலத்தின் வாயிலாக நின்றது நவம்பர் முதல் நாள். அதன் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்போர் 'சம்ஹெயின்' என்பர். ஐரிஷ் மக்களின் நாவிலோ அது 'சாவின்' என்றே ஒலிக்கும். சாவினைக் குறித்த விழாவுக்குச் 'சாவின்' எனப் பெயரிருத்தல் கண்டு தமிழ் மாணவன் துள்ளிக் குதிக்கலாம். ஒலியொப்புமை ஒன்றனையே பற்றி உலக மொழிகளையெல்லாம் தமிழிற் பிறப்பித்த அறிஞரை நாம் அறிவோமாதலின், இவ்விடத்திற் சற்றே நிதானித்தல் நன்று. அச்சொல்லுக்குக் 'கோடையின் முடிவு' எனப் பொருளுரைத்தது பழைய ஐரிஷ் மரபு. அதனை ஐயுற்று, 'கூட்டம்' எனப் பொருள்படும் வேரோடு பொருத்துவாரும் உளர். சாவுக்கும் அதற்கும் உறவில்லை.

மே மாதம் மேட்டு நிலத்துப் புல்வெளிக்கு ஏற்றிய மாட்டு மந்தைகளைத் தாழ்நிலத்துக்கு இறக்கி, குளிர்காலத்தில் தீனியிட்டுக் காக்க இயலாதவற்றை அறுத்து உணவாக்கிக் கொள்ளும் காலம் அது. இடைக்காலத்தில் எழுதப்பெற்ற ஐரிஷ் கதைகள், அந்நாளில் அரசர் கூடி விருந்துண்டதையும், பழைய புதைமேடுகள் திறந்து மறுவுலகத்தார் வெளிப்பட்டதையும் கூறுகின்றன. கெல்தியர் காலத்தை இரவுகளைக் கொண்டே எண்ணினர் என்று யூலியஸ் சீசர் காலிய நாட்டாரைப் பற்றி எழுதியிருப்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. பெருநாளின் முன்னிரவே பெருநாளின் தொடக்கமாயிற்று. பிரான்சு நாட்டுக் கொலிஞி என்னும் ஊரில் 1897இல் கண்டெடுக்கப்பட்ட வெண்கலப் பஞ்சாங்கத்தில் 'சமோன்' என்னும் மாதமும், அம்மாதத்து மூன்று இரவுகளைப் பற்றிய குறிப்பும் காணப்படுகின்றன. அம்மாதம் ஆண்டின் எப்பருவத்தில் வந்தது என்பதிலே அறிஞர் இன்னும் ஒருமைப்படவில்லை.

இவ்வளவே உறுதியான செய்தி. கெல்தியரின் புத்தாண்டு இதுவே என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியிற் கூறியவர் ஒக்ஸ்போட் பேராசிரியர் ஜோன் ரைஸ். இறந்தோர் தம் பழைய இல்லத்துக்குத் திரும்பும் விழாவே இது என அக்கருத்தை விரித்தவர் 'பொற்கிளை' என்னும் பெருநூலின் ஆசிரியர் ஜேம்ஸ் பிரேசர். நாட்காட்டிச் செய்தி எழுதுவோர் இன்றுவரை இவற்றையே திருப்பி எழுதுகின்றனர். ஆயின், பிரித்தானிய ஆண்டுவிழாக்களை ஆராய்ந்து 1996இல் நூல் வெளியிட்ட ரொனால்ட் ஹட்டன், கிறித்தவத்துக்கு முன்பு அந்நாள் இறந்தோர் நாளாக இருந்தமைக்குச் சான்றில்லை என்று எடுத்துக்காட்டினார். இறந்தோர் நினைவை அந்நாட்களோடு திட்டமாகப் பிணைத்தது கிறித்தவத் திருச்சபையே. கி. பி. 835இல், புனிதர் அனைவர்க்கும் உரிய நாளாக நவம்பர் முதல் நாள் பிராங்கியப் பேரரசெங்கும் விதிக்கப்பட்டது. கி. பி. 1000ஐ ஒட்டிக் குளூனி மடத்துத் தலைவர் ஓடிலோ, மறுநாளாகிய நவம்பர் 2ஐ இறந்த ஆன்மாக்களுக்கு உரித்தாக்கினார். நம் மாவட்டத்துக் கத்தோலிக்கத் தமிழர் கல்லறைகளைத் துப்புரவாக்கி மலரிட்டு மெழுகுவர்த்தி ஏற்றும் கல்லறைத் திருநாள் இதுவே. ஹலோவீன் என்னும் பெயரும் புனிதர் நாளின் முன்மாலை என்னும் பொருளதே. எனவே, கெல்தியர் விதைத்தது, திருச்சபை நீர் வார்த்தது என்று கொள்வதே பொருந்தும். இரண்டையும் அளந்து பிரிக்கும் துலாக்கோல் இன்று நம் கையில் இல்லை.

மூலம் ஐயத்திற்குரியதாயினும் பயணம் ஐயத்திற்கு இடமற்றது. ஸ்கொத்லாந்துக் குடியானவர் அவ்விரவிலே ஆடிய குறிபார்க்கும் விளையாட்டுக்களை ரொபேட் பேர்ன்ஸ் என்னும் புலவர் 1785இல் நெடும்பாட்டாகப் பாடினார். அங்கே சிறுவர் வேடமிட்டு வீடுதோறுஞ் சென்று பாட்டோ கதையோ சொல்லிக் கொட்டையும் அப்பிளும் பெறுவர். இரந்து பெறுவதன்று, கலையைக் கொடுத்துப் பெறுவது. விளக்குக்கு அவர் குடைந்தது பூசணியன்று, டர்னிப் கிழங்கு. 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை ஒரு நோய் பற்றியது. பின்வந்த பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் கப்பலேறினர். அமெரிக்கா சென்றவர் அங்கே மலிந்து கிடந்த பூசணிக்காயிலே தம் பழைய விளக்கை வெட்டினர். வேடமிட்ட சிறுவர் வீட்டாரை மிரட்டித் தின்பண்டம் கேட்கும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வட அமெரிக்காவில் உருப்பெற்றது. இன்று நம் பிள்ளைகள் திரையிற் காண்பது அப்பூசணியே. அதனுள்ளே எரிவது பட்டினியால் ஊர் துறந்தோரின் விளக்கு என்பதைத் திரை காட்டுவதில்லை.

இனி ஊவாவுக்கு வருவோம். பஞ்சகாலத்து அயர்லாந்தின் அல்ஸ்டர்ப் பகுதியினின்று ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குப் பெயர்ந்த ஏழைக் குடும்பமொன்றின் மகனே தோமஸ் லிப்டன். அவர் 1890இல் இலங்கைக்கு வந்து ஊவாவில் வாங்கிய தோட்டங்களுள் தலையாயது அப்புத்தளையை அடுத்த தம்பேதன்ன. அவர் அமர்ந்து மலையை நோக்கியதாகச் சொல்லப்படும் உச்சி இன்று உல்லாசப் பயணிகள் கூடும் இடம். லிப்டனுக்கு முன்னும் பின்னும் வந்த துரைமாருட் பலர் ஸ்கொத்லாந்தினர். 1867இல் லூல்கந்துரையிலே தேயிலைச் செய்கையைத் தொடங்கிய ஜேம்ஸ் டெயிலரும் அந்நாட்டவரே. பதுளைக்கருகே கிளென் அல்பின் தோட்டம், அப்புத்தளைப் பக்கத்திலே கிளெனனோர், பண்டாரவளையிலே கிரேய்க் எனப் பெயர் நிலவுதல் காண்க. கிளென் என்பது பள்ளத்தாக்கு. கிரேய்க் என்பது பாறை. இரண்டும் கெல்தியக் கிளைமொழியாகிய கேலிக்கிற் பிறந்த சொற்கள். சம்பளத் துண்டிலும் பிறப்புச் சான்றிதழிலும் கெல்தியச் சொல்லைச் சுமந்து திரியும் தமிழ்ப் பிள்ளைக்கு ஹலோவீன் முற்றிலும் அந்நியம் என்று எங்ஙனம் கூறுவது?

துரைமார் வந்த வழி அது. தொழிலாளர் வந்த வழியையும் நோக்குவோம். கோப்பிக் காலத்திலே தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே கால்நடையாக மாத்தளை நோக்கி நடந்தனர். கொள்ளைநோயும் பசியும் வழியிலேயே பலரை மாய்த்தன. அவர்க்குக் கல்லறையுமில்லை, கருமாதியுமில்லை. 1869இல் கோப்பி இலையைப் பற்றிய துருநோய் அப்பயிரை ஒழித்துத் தேயிலைக்கு வழிதிறந்தது. தாது வருடப் பஞ்சம் எனத் தமிழ்நாடு மறவாத 1876–78ஆம் ஆண்டுப் பஞ்சம் மேலும் பல்லாயிரவரை இத்தீவுக்கு விரட்டியது. ஒரு நாட்டிலே கிழங்கு நோய், மற்றொரு நாட்டிலே மழை பொய்த்தமை; இரண்டும் தந்த பசியால் இரு கூட்டத்தார் தம் முன்னோர் புதைகுழிகளைப் பின்னே விட்டு நடந்தனர். தங்கத்தையும் பட்டயத்தையும் அவர் சுமந்து செல்லவில்லை. விழாவைச் சுமந்து சென்றனர். அயர்லாந்தினர் சுமந்தது ஹலோவீன். நம்மவர் சுமந்தவற்றுள் சிறந்தது காமன் கூத்து.

காமன் கூத்துக்கும் ஹலோவீனுக்கும் காலப் பொருத்தம் இல்லை. அது மாசியில் நிகழ்வது. இது ஐப்பசியில் வருவது. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்து நோக்குதல் பயன் தரும். மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையன்று காமன் பொட்டலிலே காமன் நடப்படுகின்றது. பேய்க்கரும்பு, ஆமணக்கு முதலியவற்றை வைக்கோற் பிரி சுற்றி நட்டு, அதனையே காமனாகப் பாவித்து வழிபடுவர். அடுத்துவரும் இரவுகளில் தப்பு முழங்க ரதியும் மதனும் லயந்தோறும் ஆடிவருவர். ரதியாக வேடம் பூணுபவனும் ஆடவனே. வேடம் ஏற்போர் நோன்பிருத்தல் முறை. நிறைவு இரவிலே விடியவிடியக் கூத்து நிகழும். ரதியின் சொல்லைத் தட்டி மதன் தவத்திருக்கும் சிவபெருமான்மீது மலர்க்கணை தொடுப்பான். தூதன், வீரபத்திரன், எமன், குறவன், குறத்தி எனப் பாத்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தோன்றும். நெற்றிக்கண் திறக்க, நட்ட காமன் பற்றி எரியும். ரதியின் ஒப்பாரி எழும்பொழுது பொட்டலைச் சூழ்ந்திருக்கும் பெண்கள் தம் வீட்டு இழவுகளையெல்லாம் நினைந்து அழுவர். பின்னர் ரதிக்கு இரங்கி மதன் எழுப்பப்படுவான்.

கதை நமக்குப் புதிதன்று. கந்தபுராணத்துக் காமதகனப் படலமும், அட்டவீரட்டத் தலங்களுள் ஒன்றாகிய திருக்குறுக்கையும் இக்கல்லூரி மாணவர் அறிந்தனவே. காமன் எரிந்தானா, எரியவில்லையா என்று தஞ்சைப் பகுதியிலே எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் இரவெல்லாம் லாவணி பாடி வாதிட்டன. தோட்டங்களிலே வாதத்தினும் கூத்தே ஓங்கியது. ஏன்? இறந்தவனை மீட்டுத் தருமாறு ஒரு பெண் கடவுளிடமே வழக்காடும் கதை, காட்டுவழியிலும் கோப்பிமலையிலும் உறவினரைப் பறிகொடுத்தோர்க்கு எத்தகைய ஆறுதலாயிருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால் விடை தோன்றும். இஃது என் கருத்து. மறுப்பார் உளராயின் மகிழ்வேன்.

பேய்களைப் பற்றியும் ஒரு சொல். ஸ்கொத்லாந்தினர் நாடு துறந்தபொழுது தம் பூதங்களையும் உடன் கொண்டு சென்றனர் எனின், நம்மவரோ வந்த இடத்திலே புதுத் தெய்வங்களைக் கண்டனர். ஆலையின் பெருஞ்சக்கரத்திலே உறையும் ரோதமுனியும், செடி வெட்டும் பருவத்துக்குரிய கவ்வாத்துச் சாமியும் எந்தப் புராணத்தில் உளர்? இயந்திரம் கையைக் கவ்வும், கத்தி காலை வெட்டும் என்னும் அச்சமே இங்கே தெய்வமாயிற்று. பூசணியிலே அரக்க முகம் எழுதி வாயிலில் தொங்கவிடும் திருஷ்டி வழக்கம் தமிழ்நாட்டுக்கும் உரியதே. குடைந்து விளக்கேற்றுவது ஒன்றே நாம் செய்யாதது. துரைமார் வழிப் பேய்க்கதை வேண்டுமெனின் பதுளையிலேயே ஒன்றுண்டு. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் எனப் பெயர்பெற்ற மேஜர் ரொஜேர்ஸ் 1845இல் அப்புத்தளையிலே இடி தாக்கி மாண்டார். நுவரெலியாவிலுள்ள அவர் கல்லறைமீது பின்னரும் இடி விழுந்தது என்பர். பதுளைப் புனித மாற்கு ஆலயத்திலே அவர் நினைவுக் கல்வெட்டு இருக்கின்றது. வகுப்பிலே இக்கதையைச் சொல்லிவிட்டு, இடியை எய்தது யார் என்று வினவினால், பின்வரிசை மாணவனும் எழுந்து விடையிறுப்பான்.

ஒக்டோபர் இறுதி ஊவாவிலும் பருவத்தின் சந்தியே. ஆடி, ஆவணியில் மலைகடந்து வறண்டு வீசும் கச்சான் காற்றே ஊவாத் தேயிலைக்கு உலகறிந்த மணத்தைத் தருவது. அக்காற்று ஓய்ந்தபின் ஐப்பசியில் இடியும் மழையும் தொடங்கும். தொடர்ந்து வாடைக்காற்று மாரி கொண்டுவரும். தோட்டங்களில் தீபாவளி முற்பணம் எவ்வளவு, என்று கிடைக்கும் என்பதே அந்நாட்களில் பேச்சு. தீபாவளி விடியலிற் புத்தாடையும் பலகாரமும் முதலில் இறந்த பெற்றோர்க்கே படைக்கப்படும். பின்னரே பிள்ளைகள் உடுப்பர். மாளயபட்சத்திலே மண்ணுலகு வந்த பிதிரர் திரும்பிச் செல்ல ஒளிகாட்டுமாறு தீபாவளி அமாவாசையிலே தீவட்டி பிடிக்கும் உல்காதானத்தை வடமொழித் தருமசாத்திர நூல்கள் விதிக்கின்றன. இறந்தோர்க்கு வழிகாட்டும் விளக்கு ஐரிஷ்காரரின் தனியுடைமையன்று.

அந்தச் சந்திக்காலத்து மழையிலேயே, 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் தேதி காலையில், கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தது. லயங்கள் முற்றாகப் புதையுண்டன. பாடசாலை சென்றிருந்த பிள்ளைகளிற் சிலர் திரும்பி வந்தபொழுது வீடுமில்லை, பெற்றோருமில்லை. மண்ணுள் மறைந்தோரிற் பலருடைய உடல் மீட்கப்படவேயில்லை. அம்மலைச்சரிவே அவர்க்குப் புதைகுழியாயிற்று. ஆண்டுதோறும் அந்நாளில் அங்கே விளக்கேற்றுகின்றனர். அதற்கு இரண்டு நாட்களின் பின் வருவது ஹலோவீன். புதைகுழியினின்று கை நீட்டும் பிணத்தின் படத்தை வகுப்பறைச் சுவரில் ஒட்டும் ஆசிரியர், தம் முன்னே அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் உறவினர் எவ்வூரார் என்பதை ஒருமுறை எண்ணிக்கொள்ளல் வேண்டும். விளையாட்டு வேண்டாம் என்பதன்று என் கருத்து. அச்சத்தை நகைத்து வெல்வது எல்லா நாட்டுச் சிறுவர்க்கும் உரிய உரிமை. காமன் கூத்திலும் எமனைக் கண்டு அஞ்சி ஓடும் பிள்ளை மறுகணமே சிரிக்கின்றது. விளக்கேற்றும் இரவு முதலிலும் முகமூடி இரவு அதன் பின்னும் வருமாறு நாட்களே அமைந்திருக்கின்றன; ஆசிரியர் அவ்வொழுங்கைப் பின்பற்றினாற் போதும்.

வகுப்பிலே செய்யத்தக்கது யாது? அமெரிக்கப் பூசணியை விட்டு ஸ்கொத்லாந்துக் கிழங்குக்குத் திரும்பலாம். மரக்கறித் தோட்டங்கள் மலிந்த வெலிமடையை அருகில் வைத்துக்கொண்டு பிளாத்திக்குப் பூசணி வாங்குவானேன்? நோக்கோலும் பீட்ரூட்டும் குடைவதற்கு இசைவனவே. தின்பண்டம் பெற விரும்பும் மாணவன் ஸ்கொத்லாந்துச் சிறுவனைப் போலவே ஒரு பாட்டோ கதையோ சொல்லிப் பெறட்டும். அக்கதை அவன் பாட்டியிடம் கேட்டுவந்ததாக இருக்கட்டும் என்று ஒரே ஒரு விதி செய்தாற் போதும். தோட்டத்துப் பாடல்களைச் சேர்த்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என நூலாக்கிய சி. வி. வேலுப்பிள்ளை செய்ததும் ஏறக்குறைய இதுவே. மலையேறிச் சென்று கேட்டார், எழுதிக்கொண்டார்.

இதிலே காலத்தின் நெருக்கடி உண்டு. காமன் கூத்தின் பாடல்களை முழுமையாக அறிந்த வாத்தியார்மார் முதுமை எய்தி வருகின்றனர். இளைஞர் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் தொழில்நாடிச் செல்கின்றனர். கற்ற பிள்ளைகளோ தப்பின் ஒலி கேட்டால் நாணுகின்றனர்; அது தோட்டத்தானின் அடையாளம் என்று நகரம் அவர்க்குக் கற்பித்துவிட்டது. ஸ்கொத்லாந்துக் குடியானவனின் பேய் விளையாட்டும் ஒரு காலத்தில் கற்றோரால் இழித்துரைக்கப்பட்டதே என்பதை அறிந்தால் அந்த நாணம் சற்றே தளரக்கூடும். ஆங்கில பாட ஆசிரியர்க்கு ஹலோவீன் பயன்படும் இடம் அதுவே என்று கருதுகின்றேன்.

மாசி மாதம் வருமுன் மாணவர் தொகுக்கத்தக்கவை சில உள. தம் தோட்டத்தில் காமன் நடுவது எங்கே, நட்டது எந்த ஆண்டு வரை, ரதி வேடம் எந்தக் குடும்பத்தின் உரிமை, தூதன் பாடும் மெட்டு எது, அக்குடும்பத்தார் தமிழ்நாட்டின் எந்த மாவட்டத்திலிருந்து வந்தோர் என்பனவற்றைக் கேட்டு எழுதலாம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்தோருள் பெருந்தொகையினர், 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தலைமன்னாரிற் கப்பலேறி இந்தியா சென்றனர் என்பது வரலாறு. ஊவாத் தோட்டங்களிலும் ஒரே கூத்துக் குழுவில் மதன் அக்கரையும் ரதி இக்கரையுமாய்ப் பிரிந்த கதைகள் இருக்கக்கூடும். கேட்டுப் பார்க்க வேண்டும். சென்றவரிற் பலர் நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களிலே குடியமர்த்தப்பட்டனர். கோத்தகிரியிலோ கூடலூரிலோ உறவினர் உள்ள மாணவன், இன்று அவன் கையிலிருக்கும் அதே கைத்தொலைபேசியால், அங்கே மூன்றாம் பிறையன்று காமன் நடுகின்றனரா என்று ஒரு சொல் கேட்டு எழுதினால், அடுத்த ஆண்டு இவ்விதழிலே அதனை வெளியிடலாம்.